கொம்பு இடம் மாறிய பச்சை: டர்பனில் தமிழில் டாட்டூ போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

என் இடது தோளின் பின்பக்கம் எங்கள் ஆச்சியின் பெயரைக் குத்திக்கொண்டேன். பொன்னுத்தாய் என்பது பெயர். கடையில் குத்திவிட்டதை எழுத்துக்கூட்டிப் படித்தால் பொன்னுத்தாயும் வராது, வேறு எந்தத் தாயும் வராது. 2023 ஜூன் மாதம் நடந்தது இது. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழில் டாட்டூ போட்டுக்கொள்ள யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, தனியாகச் செய்தி அனுப்பியும் கேட்காதீர்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது, குடியிருப்பு சாட்ஸ்வொர்த்தில். ஆச்சி இறந்தபோது விமானச் சீட்டு கிடைத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த வருத்தத்தில் வந்த யோசனைதான் இந்தப் பச்சை. ஆச்சியின் முன்கையிலும் பச்சை உண்டு. ஒரு தேள், பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளிக்கோலம். குறத்தி வாசலில் உட்கார்ந்து பாடிக்கொண்டே குத்தினாளாம், பாட்டில் வலி மறந்துபோகும் என்று. மை செய்த விதத்தையும் ஆச்சி சொல்வாள்: அகத்தி இலையும் மஞ்சளும் அரைத்துத் துணியில் தடவி, அதைத் திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைப்பார்களாம். அந்த ஊசி எத்தனை பேர் கையில் ஏறி இறங்கியதோ, அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அக்கா இங்கேயே பிறந்தவர். மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் கரையில் ஒப்பந்தக் கூலி ஆட்களை இறக்கியதே, அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் அவருடைய குடும்பம் வந்தது. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஊர், சாதி, வயதோடு உடல் அடையாளமும் எழுதி வைத்திருப்பார்கள். அக்காவின் ஆயா கையிலும் பச்சை இருந்ததாம். ஆனால் அக்காவுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. கோவிலில் தேவாரத்தைக் கூட ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவார், பாடினால் நமக்குக் கண் கலங்கும். அவருக்கு எழுத்து தெரியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கடையை நான் இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கோடுகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. முதல் தடவை பேசப் போனபோது மூத்த கலைஞர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். நான் என் கையெழுத்தில் பெயரை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கி, தோளை அளந்து, காகிதத்தில் பிரதி எடுத்துக் காட்டினார். ஒரு சுழி தப்பவில்லை. மொத்தம் 2,200 ராண்டு, முன்பணம் 500, அதைக் கடைசியில் கழித்துக்கொள்வோம், நாள் தவறினால் முன்பணம் திரும்பாது என்றார். இதெல்லாம் நியாயம்தான், நல்ல கடைகளிலும் இதே முறை. நான் ஊர்ப் பழக்கத்தில், 'ஆயிரத்தெண்ணூறுக்கு முடியாதா' என்று கேட்டுவைத்தேன். அக்கா தொடையில் கிள்ளினார். டாட்டூ கடையில் பேரம் பேசக் கூடாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முந்தைய நாள் குடிக்காதீர்கள், கூட்டமாக வராதீர்கள், மரத்துப்போகும் களிம்பு தடவுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேலை நடக்கும்போது குறுக்கே பேசி கவனத்தைக் கலைக்காதீர்கள் என்று ஒரு பட்டியலும் வாயாலேயே சொன்னார். பேரம் பேசி அசிங்கப்பட்ட நான், மற்றதிலாவது மரியாதையாக நடந்துகொள்வோம் என்று அந்தக் கடைசி விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கெட்டது அங்கேதான்.

குறித்த நாளில் போனால் அந்த மூத்தவர் இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லை, நான் போடுகிறேன் என்று ஓர் இளைஞர் வந்தார். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நான் பணம் கட்டியது இன்னாருடைய கைக்காக என்று அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. விடுப்பு எடுத்தாகிவிட்டது, முன்பணமும் போய்விடுமே என்ற கணக்கு. என் காகிதம் கோப்பில் இல்லையாம். பரவாயில்லை, உங்கள் வாட்ஸாப் செய்தியில் பெயர் இருக்கிறதே, அதைக் கணினியில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் தலையாட்டினேன்.

சட்டையை இறக்கிக் குப்புறப் படுத்தாயிற்று. மழித்தார், ஊசிக்கு முன் தோலில் பதிக்கிற மாதிரிப் படமான ஸ்டென்சிலை ஒட்டினார், உரித்தார். 'நன்றாக வந்திருக்கிறது' என்று அவரே சொல்லிக்கொண்டார். கண்ணாடி கேட்க வாய் வரை வந்தது, குறுக்கே பேசக் கூடாது என்ற விதி தடுத்துவிட்டது. அக்காவிடம் திரும்பி, 'எப்படிக்கா இருக்கு?' என்றேன். 'ரொம்ப அழகா இருக்கும்மா' என்றார் அக்கா. அழகாகத்தான் இருந்திருக்கும். எழுத்துருவில் குறையில்லை.

இடையில் அவருடைய கைபேசி அடித்தது. கையுறையோடு எடுத்துப் பேசிவிட்டு, அதே கையுறையோடு மறுபடி ஊசியைப் பிடித்தார். அதற்கும் நான் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து, கட்டம் கட்டமாகக் கூடும் மின்வெட்டு. அந்த வருடம் இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், ஆறாம் கட்டம் வரைக்கும் பார்த்தாயிற்று. இன்வெர்ட்டரில் ஊசி ஓடியது, மேலே இருந்த பெரிய விளக்கு எரியவில்லை, நெற்றியில் சுரங்கத் தொழிலாளி மாதிரி ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு முடித்தார். ஒன்றரை மணி நேரம். ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி அனுப்பிவிட்டார். மீதி 1,700 ராண்டையும் சந்தோஷமாகக் கட்டிவிட்டு வந்தேன்.

படத்தைக் காரிலிருந்தே ஊரில் தம்பிக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வருவதற்குள் பதில்: 'யக்கா, கொம்பு எதுக்கு பானாவுக்குப் பின்னால நிக்கி?'

வண்டியை ஓரங்கட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'பொ'வில் முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, ப-வுக்குப் பின்னால் போய்த் தனியாக நிற்கிறது. அதற்கும் பின்னால் கால். 'னு' சேர்ந்து ஒரே எழுத்தாக இல்லை. ன ஒரு பக்கம், உகரக்குறி ஒரு பக்கம் என்று விவாகரத்து ஆகியிருந்தது. 'த்'தின் புள்ளி நகர்ந்து 'தா'வின் தலையில் கால் வைத்திருந்தது. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அந்தப் பையனின் கைத்தவறு மட்டும் கிடையாது. கணினியில் நாம் 'பொ' என்று தட்டும்போது உள்ளே முதலில் ப, அடுத்து ஒகரக்குறி என்ற வரிசையில்தான் பதிவாகிறது. கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் வைத்து, உகரத்தை எழுத்தோடு ஒட்டிக் காட்டுவது மென்பொருளின் வேலை. வாட்ஸாப்பில் அது தானாக நடந்துவிடும். போட்டோஷாப் மாதிரியான வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் கொம்பும் காலும் அநாதையாக நிற்கும். ஊரிலேயே எத்தனை பேனர்களில் பார்த்திருக்கிறோம். பேனரைக் கழற்றி எறிந்துவிடலாம்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். படுக்கும் முன் நான் கையெழுத்துப் போட்டது. எழுத்துப்பிழைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று அதில் ஒரு வரி. நான் கொடுத்த எழுத்தில் பிழை இல்லையே, நீங்கள் அல்லவா மாற்றினீர்கள் என்றேன். 'எங்களுக்கு உங்கள் மொழி தெரியாது, நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும்' என்றார். பாதி உண்மை, அதுதான் இன்னும் எரிச்சல். மேலே ஒரு பெரிய பூ போட்டு மறைத்துத் தருகிறேன், 2,500 ராண்டு ஆகும் என்றார். அன்று ராத்திரி கோபத்தில் அவர்களுடைய படங்களை ஒவ்வொன்றாக இணையத்தில் தேடினேன். நான் மயங்கிய படங்களில் இரண்டு வேறொரு நாட்டுக் கலைஞரின் பக்கத்தில் இருந்தன. ஆறிய பிறகு எடுத்த படம் ஒன்றுகூட அவர்கள் பக்கத்தில் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். புதிதாகப் போட்டது எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ஆறின பிறகு கோடு எப்படி நிற்கிறது என்பதில்தான் கை தெரியும்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அலுவலகத்தில் ஒருவர் இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னார். 2008-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 54-ஆவது பிரிவு: செய்த வேலை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, கட்டிய பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கலாம். என் கையெழுத்துக் காகிதத்தின் படம், நான் அனுப்பிய வாட்ஸாப் செய்தி, தோளின் படம் மூன்றையும் வைத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினேன். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதில், குறைதீர்ப்பாளரிடம் போகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன். 1,100 ராண்டு கணக்கில் வந்தது, மன்னிப்பு வரவில்லை. பணத்தைக் கையில் நோட்டாகக் கொடுத்திருந்தால் இதுகூட வந்திருக்காது. வங்கி வழியாகவே கட்டுங்கள்.

பிறகு விசாரித்து இன்னொரு கலைஞரிடம் போனேன், ஒரு பெண். தோளைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி. ஏன் கண்ணாடி கேட்கவில்லை என்றார். வேலையில் குறுக்கிடுவது மரியாதையில்லை என்று சொன்னார்களே என்றேன். ஊசி ஓடும்போது பேசாதே என்றால் சரி, ஊசி தொடங்கும் முன் பேசாமலிருப்பதை மரியாதை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். ஸ்டென்சில் வெறும் ஊதாச் சாயம், துடைத்தால் போய்விடும், அவரே ஒருவருக்கு ஐந்து தடவை அழித்து ஒட்டியிருக்கிறாராம். முதுகு, தோள் என்றால் இரண்டு கண்ணாடி வைத்துக் காட்டுவார், அல்லது வாடிக்கையாளரின் கைபேசியிலேயே படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவார். ஊசி உறையை நம் கண் முன்னால் பிரிப்பது, மையைப் பாட்டிலிலிருந்து சின்ன மூடியில் ஊற்றி மீந்ததைக் கொட்டிவிடுவது, கைபேசியைத் தொட்டால் கையுறையை மாற்றுவது, இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிற கடையில் உட்காராதே என்றார். ஆளை மாற்றினால் வேறு நாள் கேட்பதும் தவறே கிடையாதாம்.

தமிழுக்கென்று அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. தோலுக்குள் மை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். அதனால் ண, ன, ற மாதிரி சுழியும் இடுக்கும் உள்ள எழுத்துகளை மணிக்கட்டில் பொடிப்பொடியாகப் போட்டால் பத்து வருடத்தில் சுழி அடைந்து, ண எது ன எது என்று தெரியாமல் போகும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் தெரியாத ஒருவர் வெறும் வடிவத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். நானும் சேர்த்துச் சொல்கிறேன்: பெயரை எழுத்துச் செய்தியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். கையால் எழுதிப் படமாகக் கொடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத குடும்பம் என்றால் கோவில் குருக்களிடமோ தமிழ் வகுப்பு எடுப்பவரிடமோ ஸ்டென்சில் படத்தை அனுப்பிக் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. இங்கே அக்கா மாதிரி எத்தனையோ பேர் தாத்தா பெயரையும் ஆயா பெயரையும் ஆசையாகக் குத்திக்கொள்கிறார்கள். தப்பாக இருப்பது அவர்களுக்குத் தெரியாமலே இருக்கும்.

என் தோளுக்கு என்ன வழி? மேலே அப்படியே பூப் போட்டால் கரும்பூதம்தான் வரும், முதலில் லேசரில் வெளுக்க வைக்கணும் என்றார். புண் முழுக்க ஆறும் வரை காத்திருந்து செப்டம்பரில் ஆரம்பித்தேன். நம்முடைய கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர்தான் பாதுகாப்பாம், அதையும் மெதுவாகத்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் தோலின் நிறமே போய்விடும். கடுகு வெடித்து மேலே தெறிக்கிற மாதிரி இருக்கும். பட்ட இடம் உறைபனி மாதிரி வெளுத்து, பிறகு வீங்கும். ஒரு தடவைக்கு 900 ராண்டு, இடையில் எட்டு வாரம். இரண்டு தடவை முடிந்திருக்கிறது. கொம்பு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, கால் இன்னும் அசையவில்லை.

அக்கா ஆசையை விடவில்லை. ஆடிக் கூழ் எல்லாம் முடிந்து, புரட்டாசி விரதம் தொடங்குவதற்குள் ஆவணியில் ஆயா பெயரைப் போட்டுக்கொள்ள இந்தப் பெண்ணிடமே நாள் வாங்கியிருக்கிறார். ஸ்டென்சிலைப் படிக்க நான் கூட வர வேண்டுமாம். கூட்டம் சேர்க்காதீர்கள் என்கிற கடைதான், ஒரு ஆள் வரலாமா என்று கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார்.