மன்னார் வளைகுடாவைக் கண்காணிக்க: பி-8ஐ விமானமா, சீ கார்டியன் ட்ரோனா?

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கட்டபொம்மன் கடற்படைத் தளத்தை நம் ஊரில் பலர் உளவு நிலையம் என்கிறார்கள். அது நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையமே. கடலைக் கவனிக்கும் கண்களான பி-8ஐ விமானம், சீ கார்டியன் ட்ரோன் இரண்டும் அரக்கோணத்து ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் இருக்கின்றன. 2013-இல் வந்த பி-8ஐ, ஒலியுணர் மிதவைகளைக் கடலில் போட்டு, ஆழத்தில் செல்லும் நீர்மூழ்கியின் ஓசையைக் கேட்டறிந்து, தேவையானால் நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோவும் வீசும். ஆனால் அதன் ஆட்களுக்கும் எரிபொருளுக்கும் சில மணி நேரமே எல்லை. 2020-இல் குத்தகைக்கு வந்த சீ கார்டியனோ முப்பது மணி நேரத்துக்கும் மேல் பறக்கவல்லது. உவரிக் கடற்கரைக்கு அப்பால், ஒரே மாதிரி நீல வண்ணம் பூசிய ஃபைபர் வள்ளங்கள் நூற்றுக்கணக்கில் வலை விரித்திருக்கும்போது, அவற்றுள் அந்நியப் படகு எது என்று பிரித்தறிய இந்தப் பொறுமைதான் உதவும் என்பது என் கணிப்பு. தொலைத்தொடர்பு இணைப்பை நம்பியே பறப்பது அதன் பலவீனம். 2024 செப்டம்பரில் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் வங்கக் கடலில் இறங்கவும் நேர்ந்தது. நீர்மூழ்கி வேட்டைக்கு மட்டும் நான் பி-8ஐயையே தேர்வேன்.