வயதானவர்களுக்குத் தைராய்டு கட்டி என்று ஸ்கேனில் வந்தால், ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன் படியுங்கள்

வீட்டுப் பெரியவர்களை முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் பெரியம்மாவுக்கு 74 வயது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சீனியர் சிட்டிசன் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனும் சேர்ந்திருந்தது. அவருக்குக் கழுத்தில் வீக்கமோ வலியோ கிடையாது. ஸ்கேனில் தைராய்டின் வலது பக்கம் 11 மில்லிமீட்டர் கட்டி என்றார்கள். அன்றைக்கே ஊசி போட்டுச் செல்களை எடுத்துவிட்டார்கள்.

பெரியம்மா இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை போடுகிறார். மெல்லிய ஊசிதான், மாத்திரையை நிறுத்தாமலே பலருக்குச் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மறுநாள் கழுத்தின் வலது பக்கம் முழுக்கக் கன்றிக் கருநீலமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்று முந்தானையால் மூடிக்கொண்டே இருந்தார்.

முடிவு, "செல்கள் போதவில்லை" என்று வந்தது. அப்படி வருவது உண்டு. ஊசிப் பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படும் கட்டி என்றால், ஸ்கேனில் பார்த்தபடியே இன்னொரு முறை எடுப்பதுதான் வழக்கம். எங்களிடம் சொன்னது வேறு. "வயசான காலத்துல ரிஸ்க் எதுக்கும்மா? விட்டா கேன்சரா மாறிடும். தைராய்டை மொத்தமா எடுத்துடலாம்." கையோடு முன்பணத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பெரியம்மா அன்றிரவு நகைகளை யார் யாருக்கு என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்ததே இரண்டு வரி. கட்டி இருக்கிறது, புற்றுநோய் இல்லையென உறுதி செய்யவும். அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவர்களை ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தைராய்டில் ஏதோ ஒரு கட்டி தெரியும், அதில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. அதனால் கட்டி இருக்கிறது என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டால் ஒரு பயனும் இல்லை. உள்ளே நீரா சதையா, சுற்றியுள்ள திசுவைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 2017-இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி வெளியிட்ட டைராட்ஸ் முறை இதுதான். மதிப்பெண்ணைப் பொறுத்துக் கட்டிகளை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டு வகைகளுக்கு ஊசியே வேண்டாம். மூன்றாம் வகைக்கு 2.5 சென்டிமீட்டர், நான்காவதற்கு 1.5, மிகவும் சந்தேகமான ஐந்தாவதற்கு 1 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஊசி.

வேறொரு மருத்துவமனையில் எண்டோகிரைனாலஜிஸ்டிடம் (ஹார்மோன் சுரப்பிகளுக்கான மருத்துவர்) போனோம். அவர் முதலில் பார்த்தது, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையை. பேக்கேஜிலேயே எடுத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த முடிவு அது. அளவு சரியாக இருந்தது. (அது குறைவாக இருந்தால் பார்க்க வேண்டிய ஸ்கேனே வேறு.) அப்புறம் மறுபடி அல்ட்ராசவுண்ட். நிதானமாகச் செய்தார்கள், கழுத்தின் இரு பக்கமும் நெறிக்கட்டி இருக்கிறதா என்றும் தேடினார்கள். திரையில் எங்களுக்கும் காட்டினார்கள்: இட்லியைப் பிட்டால் தெரிவதுபோலக் கட்டி முழுக்கப் பொடிப் பொடித் துளைகள். டைராட்ஸில் முதல் வகை. ஊசியே தேவைப்பட்டிருக்காது.

இந்த வயதில் தைராய்டை எடுப்பது சாதாரணமில்லை. வாழ்நாள் முழுக்க மாத்திரை. அளவு கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். குரல் நரம்பு பாதிக்கப்படலாம், கால்சியம் குறையலாம். தென்கொரியாவில் உடல் பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனும் பரவலானதில், 2011-இல் தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காகியது. இறப்பு விகிதம் மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை இழந்ததுதான் மிச்சம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2017-இல் சொல்லிவிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கட்டியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். சில வாரங்களில் வேகமாகப் பெருக்கும் கட்டி, குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், கழுத்தில் நெறிக்கட்டி என்றால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. வயதானவர்களுக்கு வரும் மோசமான வகைத் தைராய்டு புற்றுநோய் அப்படித்தான் வரும்.

முன்பணம் கட்டவில்லை. ஊசிக்கு வாங்கிய பணத்தைக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், இதுவரை பதில் இல்லை. நீங்கள் எங்கே ஸ்கேன் எடுத்தாலும் ரிப்போர்ட்டோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது. கவுண்ட்டரில் இல்லையென்று சொன்னால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.