குல்லு தசரா போகிறவர்களுக்கு: எதைப் பார்ப்பது, எதை வாங்குவது, எதை விடுவது

நம் வீடுகளில் விஜயதசமி இரவு கொலுப் பொம்மை ஒன்றைப் படுக்க வைத்து நவராத்திரியை முடிப்போம். அன்றைய பிற்பகல்தான் குல்லுவில் தசரா ஆரம்பம். அதிலிருந்து ஏழு நாள். 2023-ல் அக்டோபர் 24 முதல் 30 வரை, 2024-ல் அக்டோபர் 13 முதல் 19 வரை நடந்தது. இமாச்சலப் பிரதேசத்தில், பியாஸ் நதியை ஒட்டி, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தால்பூர் மைதானம்தான் இடம். ராவணன் பொம்மை எரிவதைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்கே ராவணனுக்கு உருவமே செய்வதில்லை. பார்க்க வேண்டியது சாமிகளின் வருகை. பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமத் தெய்வங்கள் ஆட்களின் தோளில் ஏறி வந்து ஏழு நாளும் கூடாரம் போட்டுத் தங்குகின்றன. ஆனி, நிர்மண்ட் பக்கத்துச் சாமிகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்தே வந்து சேர்கின்றன. இந்த விழாவுக்குப் போவதென்றால் இதற்காகப் போக வேண்டும். மற்ற எல்லாம் இரண்டாம் பட்சம்.

ஏன் வருகின்றன என்பது தெரிந்தால் பார்ப்பது புரியும். 17-ஆம் நூற்றாண்டில் ராஜா ஜகத் சிங், முத்துக்களை ஒளித்து வைத்திருப்பதாக ஒரு பிராமணர் மேல் பழி சுமத்த, அவர் குடும்பத்தோடு தீக்குளித்தார் என்றும், அந்தப் பாவம் ராஜாவைச் சோற்றில் புழுவாகவும் தண்ணீரில் ரத்தமாகவும் துரத்தியது என்றும் கதை. பரிகாரமாக அயோத்தியிலிருந்து ரகுநாதர் சிலையைக் கொண்டுவந்து, ராஜ்ஜியத்தை அவர் பெயருக்கு எழுதிவைத்து, தான் அவருக்குக் கோல் பிடிக்கும் ஊழியனாக நின்றார் ராஜா. இன்றும் அரச குடும்பத்தின் மூத்தவர் தேருக்கு முன்னால் அந்தக் கோலோடுதான் நடக்கிறார். ராஜாவே ஊழியர் என்றானபின், பள்ளத்தாக்கின் சாமிகள் ஆண்டுக்கு ஒருமுறை ரகுநாதர் முன் வந்து நிற்பது முறையாயிற்று. மலாணாவின் ஜம்லு மட்டும் மைதானத்துக்குள் வருவதில்லை. பியாஸுக்கு அக்கரையில் நின்றே பார்த்துவிட்டுப் போகிறார்.

முதல் நாள் நேரக் கணக்கு முக்கியம். மணாலி டுங்ரியிலிருந்து ஹிடிம்பா தேவி வந்து சேராமல் விழா நகராது. அரச குடும்பத்துக்கு அவள் பாட்டி முறை. குல்லு ஊர் எல்லையில் ராம்ஷிலாவில் ராஜாவின் கோல் போய் அவளை அழைத்துவரும். அரண்மனைக்குப் போய், சுல்தான்பூர் ரகுநாதர் கோயிலுக்கு வந்த பிறகு, ரகுநாதர் பல்லக்கில் தால்பூருக்கு இறங்குவார். அங்கே மரத்தேரில் ஏற்றி, வடம் பிடித்து இழுப்பது பொதுவாக மாலை 4 மணிக்கு மேல். மதியம் 1 மணிக்குள் மைதானத்தில் இடம் பிடித்துவிட வேண்டும். 3 மணிக்கு வந்தால் தலைகள் மட்டும்தான் தெரியும். இன்னொரு வழி, காலையிலேயே சுல்தான்பூர் ஏறிவிடுவது. சர்வரி ஓடையைத் தாண்டி மேடேற இருபது நிமிஷம் போதும். சாமிகள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்கு வந்து போவதை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தேரோட்டத்தைவிட இதையே முதலில் பரிந்துரைப்போம். குழந்தைகளோடு வருபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் சரி.

தேர் நம்மூர்த் தேர்போல வானளாவ இருக்காது. சிறிய மரத்தேர், தடித்த வடம், சில நூறு மீட்டர் ஓட்டம். ஆனால் இரண்டு பக்கமும் சாமிகள் ஆடிக்கொண்டே கூட ஓடும். ஹலான் ஊரின் சாமியான தூமல் நாக் தேருக்கு முன்னால் போய்க் கூட்டத்தை விலக்குவார். அவர் உங்கள் பக்கம் சாய்ந்தால் அது வேடிக்கை இல்லை. உடனே பின்வாங்க வேண்டும். தேரின் வலப்பக்கத்து இடம் யாருக்கு என்பதில் சிருங்க ரிஷி, பாலு நாக் என்ற இரு சாமிகளின் தரப்பாருக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. அதனால் அந்தப் பக்கம் போலீஸ் கயிறு கட்டியிருக்கும். இடப்பக்கம், மைதானத்தின் மேட்டு ஓரம், முதுகுக்குப் பின்னால் விலகிப்போக வழி உள்ள இடமாகப் பார்த்து நிற்பது நல்லது.

சாமி ரதம் என்று அவர்கள் சொல்வதற்குச் சக்கரம் கிடையாது. பட்டுத் துணி சுற்றிய மரச் சட்டம், அதில் வரிசையாகப் பொருத்திய மொஹ்ரா என்னும் உலோக முகங்கள், அடியில் நீண்ட தண்டுகள். சுமப்பவர்கள் நடத்துவதில்லை, சாமி அவர்களை நடத்துகிறது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ரதம் திடீரென்று குனியும், சுழலும், பத்தடி பாயும். அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி தண்டுக்கு நேரெதிரே நிற்பவர்கள்தான். தண்டின் முனைக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றால் பயமில்லை. இரண்டு சாமிகள் சந்தித்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உரசும்போது, உறவுக்காரர்கள் கட்டிக்கொள்வதைப் பார்ப்பதுபோலவே இருக்கும். கூடவே முழங்குபவை நம் எக்காளத்தைப் போல நேராக நீண்ட கர்னாலும், நம் கொம்பைப் போல வளைந்த நரசிங்காவும், மேளமும் நகராவும். முதல் நாள் இவை நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஒலிக்கும். கைக்குழந்தை இருந்தால் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

இரண்டாம் நாள் காலைதான் இந்த விழாவின் சிறந்த நேரம் என்பது எங்கள் தீர்ப்பு. கூட்டம் வடிந்திருக்கும். ஒவ்வொரு சாமிக்கும் மைதானத்தில் வழிவழியாக வந்த இடம் உண்டு; அங்கே கூடாரம், முன்னால் விறகடுப்பு, சுற்றிலும் ஊர்க்காரர்கள். 7 மணியிலிருந்து 10 மணிவரை வரிசையாக நடந்தால் முகங்களை நிதானமாகப் பார்க்கலாம். எந்த ஊர், எந்தச் சாமி, எத்தனை நாள் நடை என்று கேட்டால் சொல்வார்கள்; எளிய இந்தி போதும். கார்தார் என்பவர் நிர்வாகி, குர் என்பவர் சாமியாடி. குர் அருள் வந்து பேசும்போது படம் எடுக்கக் கூடாது. மற்ற நேரத்திலும் கேட்டுவிட்டு எடுங்கள். செருப்பை மட்டும் கழற்றினால் போதாது. தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். துணிப் பையும் துணி பெல்ட்டும் கொண்டுபோனால் இந்தச் சங்கடம் இல்லை. ரதத்தையும் சமையல் இடத்தையும் தொடவே கூடாது. காணிக்கையைத் தட்டில் வைத்தால் போதும்.

ரகுநாதரின் கூடாரத்திலும் காலையும் மாலையும் பூஜை நடக்கிறது. சிலை மிகச் சிறியது, பூக்களுக்கு நடுவே தேடித்தான் பார்க்க வேண்டும். 2014 டிசம்பரில் களவுபோய் 2015 ஜனவரியில் மீட்கப்பட்ட சிலை அது. காவலின் கெடுபிடிக்குக் காரணம் புரியும். காலை அபிஷேக நேரத்தில் தரிசனம் தெளிவாகக் கிடைக்கும்.

நடு நாட்களின் பிற்பகலில் ராஜ குடும்பத்தவர் பல்லக்கில் மைதானத்தைச் சுற்றிவரும் ஜலேப் ஊர்வலம் உண்டு. அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். இரவில் லால் சந்த் பிரார்த்தி கலா கேந்திரத்தின் திறந்தவெளி அரங்கில் கலை நிகழ்ச்சிகள். தொடக்கத்தில் வரும் மலை நாட்டுக் குழுக்களின் நாட்டி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். பின்னால் வரும் சினிமாப் பாடகருக்காக இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, திரும்பும் நெரிசலும் பெரிது. ஆறாம் நாள் மொஹல்லா: சாமிகள் எல்லாம் ரகுநாதர் கூடாரத்துக்கு வந்து வணங்கும் நாள். முதல் நாளைத் தவறவிட்டவர்களுக்கு இதுவே ஈடு. ஏழாம் நாள் தேரை ஆற்றுப் பக்கம் இழுத்துப்போய், கரையில் முட்புதருக்குத் தீ வைப்பதுதான் லங்கா தகனம். பலிச் சடங்கும் அதோடு சேர்ந்தது. பார்க்க மனமில்லாதவர்கள் கரைக்கு இறங்காமல் மேலேயே நிற்கலாம். இரண்டு நாள் மட்டும்தான் முடியும் என்றால் முதல் நாளும் மறுநாள் காலையும். மூன்றாவதாக ஒரு நாள் கிடைத்தால் மொஹல்லா.

போக்குவரத்துதான் பலவீனமான பகுதி. டெல்லியிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர், இரவு பஸ்ஸில் 12 மணி நேரத்துக்குக் குறையாது. சண்டீகர் வரை விமானத்திலோ ரயிலிலோ வந்து அங்கிருந்து பஸ் பிடிப்பது உடம்புக்கு இதம். 10 கிலோமீட்டர் தள்ளி புந்தரில் விமான நிலையம் உண்டு. ஆனால் சிறிய விமானங்கள், வானிலை கெட்டால் ரத்தாகும். 2023, 2025 மழைக்காலங்களில் மண்டிக்கும் குல்லுவுக்கும் இடையே சாலை பல இடங்களில் அரித்துப்போனது. அதனால் திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்னால் ஒரு நாள் இடைவெளி விட்டே டிக்கெட் போடுங்கள். குல்லுவில் அறை கிடைக்காவிட்டால் புந்தரில் தங்குவது நல்லது. மணாலி 40 கிலோமீட்டர். விழா முதல் நாள் அந்தச் சாலை நகராது. மணாலியில்தான் தங்குகிறீர்கள் என்றால் நக்கர் வழியாக வரும் இடக்கரைச் சாலையில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் இறங்கும். ஸ்வெட்டரைப் பையில் வைத்தே சுற்றுங்கள்.

சாப்பாட்டில் சித்து ஒன்றைத் தேடிச் சாப்பிட வேண்டும். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே அக்ரூட், கசகசா அல்லது அரைத்த உளுந்து வைத்து மூடி, ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் மேல்மாவு பன் போல உப்பியிருக்கும். வெட்டி, மேலே நெய் ஊற்றி, பச்சைச் சட்னியோடு தருவார்கள். முழுக்கச் சைவம். சொன்ன பிறகு ஆவியில் ஏற்றும் கடையில் வாங்குங்கள்; இருபது நிமிஷத்துக்குமேல் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்புதான் நல்ல அடையாளம். முன்பே வேகவைத்து அடுக்கியதை மறுபடி சூடாக்கினால் மேல்மாவு ரப்பராகிவிடும். புளிக்க நேரமில்லாமல் சோடா போட்டு உப்பவைத்தால் நாக்கில் லேசான கசப்பு நிற்கும். மைதா கலந்தது வெளுப்பாக இருக்கும். முழுக் கோதுமை மாவென்றால் பழுப்பு தெரியும்.

இனி கடைகள். மைதானத்துக் கடைகளில் பெரும்பங்கு சமவெளியிலிருந்து வரும் ஸ்வெட்டர், கம்பளி, பாத்திரம், பிளாஸ்டிக். அவற்றை உங்கள் ஊரிலேயே வாங்கலாம். வாங்க வேண்டியது குல்லு சால்வை; ஏமாறுவதும் அதில்தான். புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிச் சால்வை என்றால் ஏறத்தாழ 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், நடுப்பகுதி ஒரே நிறம், இரண்டு முனையிலும் வடிவக் கோலம். முதலில் அந்தக் கோலத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கையால் நெய்ததில் ஒவ்வொரு நிற நூலும் அதனதன் கட்டத்துக்குள் கோத்துத் திரும்பியிருக்கும், பின்பக்கமும் ஒழுங்காக இருக்கும். விசைத்தறிச் சரக்கில் நூல்கள் அகலம் முழுக்கத் தளர்வாக ஓடும், அல்லது வெட்டிவிட்ட பிசிறு தெரியும். அடுத்தது நூல். ஓரக் குஞ்சத்திலிருந்து ஓர் இழை கேட்டு வாங்கிப் பற்றவையுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் என்றால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். இழை தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினால் பஷ்மினா என்று நம்பாதீர்கள். மெல்லிய செயற்கை நூலும் நுழையும். உள்ளூர் ஆட்டுக் கம்பளி கொஞ்சம் குத்தும், ஆனால் நெடுநாள் உழைக்கும். மெரினோ மென்மை, தினப்படிக்கு ஏற்றது. அங்கோரா முயல் முடி மெத்தென்று இருக்கும், ஆனால் உதிரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் மைதானத்தை விட்டு, 1944-ல் தொடங்கிய புட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் புட்டிகோ கடைக்குப் போய்விடுங்கள். குல்லுவுக்கும் புந்தருக்கும் நடுவே அவர்களுடைய குடியிருப்பும் தறிகளும் இருக்கின்றன. எந்த நூல் என்று சீட்டில் எழுதியிருக்கும், பேரம் கிடையாது. பெண்கள் உடலில் சுற்றி வெள்ளி ஊசியால் குத்தும் ‘பட்டு’ என்பது நம் பட்டுத் துணி இல்லை, கம்பளி ஆடை; சால்வையைவிடப் பெரிது, கனம் அதிகம். நம்மூரில் போர்வையாகத்தான் பயன்படும். பாங் (கஞ்சா) செடி நாரில் பின்னிய பூலா செருப்பு அழகு. ஆனால் ஈரம் பட்டால் போயிற்று, வீட்டுக்குள் மட்டும் போடலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த சால்வையைக் குளிர்ந்த நீரில் மென்மையான திரவச் சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். வியர்வைக் கறையோடு வைத்தால் பூச்சி முதலில் அந்த இடத்தைத்தான் அரிக்கும்.

நாள் கணக்கில் நெருக்கடி இல்லாதவர்களுக்கு ஒன்று: ஏழாம் நாள் சாமிகள் ஊர் திரும்பிய பிறகும் கடைகள் உடனே கலைவதில்லை, தீபாவளியை ஒட்டிக்கூட நீளும். குல்லுக்காரர்கள் குளிர்காலத்துக் கம்பளியை வாங்கக் காத்திருப்பது அந்த நாட்களுக்குத்தான். விலையும் அப்போதுதான் இறங்கும்.