மீள்நிரப்பும் மார்க்கர் மை செட்: கறுப்பை வாங்குங்கள், நீலத்தை விடுங்கள்

புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கத்து எழுதுபொருள் கடைகளில் கேட்டால் எடுத்துத் தரும் செட் இது. பெட்டிக்குள் மூன்று போத்தல்கள்: நிறமிக் குழம்பு 125 கிராம், அக்ரிலிக் பிசின் 50 கிராம், கிளைக்கோலும் கிளிசரினும் கலந்த அடித்திரவம் 50 கிராம். 275 கிராம் தண்ணீரை நாம் சேர்த்தால் அரைக் கிலோ மை தயார். மார்க்கர் ஒன்றுக்கு 5 கிராம் என்று பிடித்தாலும் நூறு மார்க்கர் நிரப்பலாம். கலவையின் கணக்கிலும் குறை இல்லை. குழம்பில் ஐந்தில் ஒரு பங்கு கரித்தூள், பிசினில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் திடப்பொருள் என்று லேபல் சொல்கிறது. அப்படியானால் முடிந்த மையில் கரி 5 வீதம், பிசின் 5 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல கறுப்புக்கு அது போதும்.

குறை வழிமுறைத் தாளில்தான் தொடங்குகிறது. “சுத்தமான தண்ணீர் சேர்க்கவும்” என்பதோடு தாள் முடிந்துவிடுகிறது. எந்தத் தண்ணீர், எதை முதலில் ஊற்றுவது என்ற இரண்டும் இல்லாமல் இந்தச் செட்டை யாருக்கும் விற்கக் கூடாது.

கரித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதப்பதால்தான் மை மையாக இருக்கிறது. தண்ணீரில் கல்சியம், மக்னீசியம் இருந்தால் அந்தத் தள்ளுவிசை அடங்கி, துகள்கள் கூடித் திரண்டு அடியில் படியும். களனி ஆற்றுக் குழாய்த் தண்ணீர் மென்மையானது என்பதால் கொழும்பில் சிலர் அதிலேயே கலந்து தப்பிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் அது நடக்காது. வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கும், உப்புகள் நீக்கிய பற்றரித் தண்ணீர் எங்கும் பொருந்தும். அசிட் போத்தலை மட்டும் மாறி எடுத்துவிட வேண்டாம். இந்தப் பிசின் காரத்தில் மட்டுமே கரைந்து நிற்கும், அசிட் பட்ட கணமே தயிர் போலத் திரிந்துவிடும்.

ஊற்றும் ஒழுங்கு இது. முதலில் தண்ணீர், அதில் அடித்திரவம், பிறகு பிசின். மெதுவாகக் கிண்டிக்கொண்டே கடைசியாக நிறமிக் குழம்பை நூல் போல ஒழுகவிடுங்கள். அடித்திரவத்துக்குள் குழம்பை நேரே கொட்டினால், துகளைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புப் பூச்சு கலைந்து மணல் மணலாகத் திரளும். அதைப் பிறகு எவ்வளவு கிண்டியும் சரிசெய்ய முடியாது. வேகமாக அடித்தால் நுரை கட்டும், அந்தக் குமிழி முனையின் நாரில் சிக்கி எழுத்தை உடைக்கும். ஓர் இரவு மூடிவைத்து, காலையில் மெல்லிய துணி வடியில் வடித்து நிரப்புங்கள். கலந்த மையின் பீ.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8.5 அளவில் இருக்க வேண்டும், அதைக் காட்டும் தாள் இரசாயனக் கடைகளில் கிடைக்கும்.

மூடியைத் திறந்ததும் இலேசாக அமோனியா மணம் வரும். பயப்பட ஒன்றுமில்லை, மையின் உறுதியே அதில்தான் இருக்கிறது. காயும்போது அமோனியா பறந்துவிட, பிசின் தண்ணீரில் கரையாத படலமாக இறுகுகிறது. 80 கிராம் தாளில் எழுதிப் பத்து நிமிடம் விட்டு ஒரு துளி தண்ணீர் வைத்தால் துளி தெளிவாகவே நிற்கிறது. ஒற்றி எடுத்த டிசுவில் சாம்பல் நிறம்கூட இல்லை. மார்க்கரைத் திறந்தே வைத்தால் இதே படலம் முனைக்குள் உருவாகும். அப்போது வெறும் தண்ணீரில் ஊறவைப்பது வீண். ஒரு கோப்பை தண்ணீருக்கு நாலைந்து துளி அமோனியா விட்டு ஊறவைத்தால்தான் முனை பிழைக்கும். ஊற்றுப் பேனைக்குள் இந்த மையை ஊற்றவே வேண்டாம். மை இறங்கும் நுண்ணிய வழியில் பிசின் இறுகினால் பேனை போனதுதான்.

கொழும்புக்குப் பொருந்தாத ஒன்று கிளிசரின். முனை காயாமலிருக்க அது தேவை, ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஏசி அறையில் சாதாரணத் தாளில் எழுதும்போது பிரச்சினை தெரியாது. ஏசி இல்லாத களஞ்சியத்தில் பளபளப்பான மட்டைப் பெட்டியில் எழுதிப் பாருங்கள்: ஒரு மணி நேரம் கழித்தும் விரல் பட்டால் இழுபடுகிறது. மட்டை ஈரத்தை உறிஞ்சாது, காற்றும் வாங்காது, அது எங்கேதான் போகும்? அடித்திரவத்தை 40 கிராமாகக் குறைத்து, அந்த 10 கிராமுக்குத் தண்ணீர் சேர்த்தால் இழுபடுவது பெரும்பாலும் நிற்கிறது. மூடியைத் திறந்து வைக்கக்கூடிய நேரம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கிருமித்தடுப்பும் இதே போத்தலில் இருப்பதால் அதற்கு மேல் குறைக்க வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் தடுப்பு குறைந்த தண்ணீர் மை கெட்டு, கூழ்முட்டை நாற்றம் அடிக்கும்.

நீலச் செட்டின் லேபலிலும் “நிறமி மை” என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. வடிதாளை விரல் அகலத்தில் வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் மேலே ஒரு புள்ளி வைத்து, காய்ந்தபின் அடி நுனியை மட்டும் தண்ணீரில் நனையுங்கள். கறுப்புப் புள்ளி வைத்த இடத்திலேயே அசையாமல் இருக்கிறது. நீலமோ தண்ணீரோடு ஏறி, கீழே ஊதாவும் மேலே வெளிர்நீலமுமாகப் பிரிந்துவிடுகிறது. அது நீரில் கரையும் சாயம், கரையாத துகளான நிறமி அல்ல. யன்னலோர வெயிலில் வெளிறும், மழைத்துளி பட்டால் ஓடும். பனையோலை ஏட்டில் கீறிய எழுத்துக்குப் பூசிய கரி நூற்றாண்டு தாண்டியும் கறுப்பாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, நிறமியென்று சொல்லிச் சாயத்தை விற்பது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கும். பத்திரங்களுக்கும் பதிவுப் புத்தகங்களுக்கும் நீலத்தை எடுக்காதீர்கள்.

“சூழல் நேயம்” என்ற பச்சை முத்திரையை ஓரளவுக்கு ஏற்கலாம். சைலீன், தொலுவீன் போன்ற கரைப்பான்கள் இல்லை, வகுப்பறையில் தலையிடி தராது, நூறு மார்க்கர் உடல்கள் குப்பைக்குப் போகாமல் தப்புகின்றன. ஆனால் அக்ரிலிக் பிசின் ஒரு பிளாஸ்ரிக், அது மட்கிப் போகாது. கழுவிய நீரைக் கானுக்குள் ஊற்றாமல் ஒரு தட்டில் வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் காய்ந்த படலத்தைக் குப்பையில் போடுங்கள். பொலித்தீன், பிளாஸ்ரிக் வாளிகளில் எழுத இந்த மை உதவாது. மேற்பரப்பை நனைக்காமல் முத்து முத்தாகத் திரண்டு, காய்ந்ததும் உரிந்து வரும்.

கலந்த மையை நிரம்பிய போத்தலில், மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள். பாதி வெறுமையான போத்தலில் அமோனியா மேலே கூடி, திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளியேறும். ஆகவே அரைக் கிலோவையும் ஒரே நாளில் கலக்காமல், மாதத்துக்குத் தேவையான அளவை அதே விகிதத்தில் நிறுத்துக் கலந்துகொள்ளுங்கள்.