எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பில்லுக்குத் தலையாட்டாதீர்கள்

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு எரிவது வேறு. நிலையாக எரிந்து வண்டியும் ஒழுங்காக ஓடினால், ஒன்றிரண்டு நாளில் காட்டிக்கொள்ளலாம். விட்டு விட்டு எரிந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. அது நேராக, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போல் கண் கண்ணாக இருக்கும் பீங்கான் சூடேறி உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. புதுசு வாங்கினால் பல ஆயிரம் போகும். அதனால் வண்டியை மெதுவாக ஓரங்கட்டி ஆஃப் செய்துவிடுவதுதான் சரி.

இந்த பயம் நமக்கு இருப்பது ஒர்க்‌ஷாப்காரர்களுக்கும் தெரியும். கோவையில் ஒரு பெரிய மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் வண்டி 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல். சேலத்திலிருந்து வரும்போது பெருந்துறை தாண்டி உதறல் ஆரம்பித்தது. பிக்கப் இல்லை, விளக்கு சிமிட்டுகிறது. ரெக்கவரி வண்டி வைத்து அந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி, எல்லாம் உண்டு. அரை மணி நேரத்தில் அட்வைசர் வந்தார்.

"கேட் கன்வெர்ட்டர் போயிடுச்சுங்க சார். அதனால எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், ஈசிஎம்மும் அடி வாங்கியிருக்கு. ரெண்டும் மாத்தணும், அறுபத்தெட்டாயிரம் வரும்."

"ஸ்கேன்ல என்ன கோளாறு கோடு (code) வந்துச்சுங்க?"

"அதெல்லாம் டெக்னீஷியனுக்குத்தான் சார் புரியும்."

அவ்வளவு பெரிய தொகைக்கு வேலையே வேண்டாம் என்றேன். அப்படியானால் இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஈசிஎம் ரீசெட், ஸ்கேனிங் என்று 6,800 ரூபாய்க்கு பில் நீட்டினார்கள். எல்லாம் ஏற்கெனவே செய்து முடித்தாகிவிட்டதாம். பணத்தைக் கட்டினால்தான் சாவி. விளக்கு அணைந்திருந்தது. "தாராளமா ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று வழியனுப்பியும் வைத்தார்கள்.

எனக்கு அதிகக் கோபம் 6,800 ரூபாயில் இல்லை, இந்த வார்த்தையில்தான். ரீசெட் என்று அவர்கள் செய்தது, ஈசிஎம்மில் பதிவாகியிருந்த கோடை அழித்தது மட்டும். கோடு அழிந்தால் விளக்கு அணையும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த ஆர்பிஎம்மில், என்ன வேகத்தில் கோளாறு வந்தது என்று கூடவே சேமித்திருந்த விவரமும் போய்விடும். அடுத்து பார்க்கிற மெக்கானிக்குக் கையில் தடயம் இருக்காது. அவர்கள் பேச்சை நம்பி ஊர் ஊராகச் சுற்றியிருந்தால், நன்றாக இருந்த கன்வெர்ட்டர் நிஜமாகவே உருகியிருக்கும். அப்போது அதே அறுபத்தெட்டாயிரம் நியாயமான பில்லாகிவிடும்!

உக்கடம் தாண்டுவதற்குள் மறுபடி உதறல், மறுபடி சிமிட்டல். வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு வேலை செய்யும் ஒரு அண்ணனைக் கூட்டிவந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் கையடக்க ஸ்கேனரைச் செருகினார். பி0303 என்று வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர்: மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0300 என்று வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் அது வரும்.

"காயிலை மாத்திப் போட்டுப் பார்க்கலாம் தம்பி" என்றார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை, அதாவது பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் பாகத்தைக் கழற்றி முதல் சிலிண்டருக்கும், அதிலிருந்ததை இதற்கும் மாற்றினார். கோடை அழித்துவிட்டு வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஓடவிட்டோம். இப்போது பி0301. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போய்விட்டது. அப்புறம் என்ன சந்தேகம்? கோடு மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக், அடுத்து இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன் என்று பார்த்துப் போயிருப்பார். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் இப்படி வந்தால் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாராம்.

புதுக் காயில் ஒன்று, வயசாகிப்போன பிளக் நாலும், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். வண்டி இப்போது பூப்போல ஓடுகிறது.

வேலை முடிகிற நேரத்தில் அவர் இன்ஜெக்டர் பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ஃப்யூவல் ரெயிலின் போல்ட் மேல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடை அடையாக இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றாமல் எப்படிங்க கிளீன் செய்தீர்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், பெட்ரோலில் கெமிக்கல் ஊற்றினோம் என்கிறார்கள். பில்லில் கெமிக்கலுக்கு ஒரு வரி கூட இல்லை.

பில்லில் ஸ்கேனிங்குக்குத் தனியாக 750 ரூபாய் வாங்கியிருந்ததால், அந்த ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டேன். கடைசியில் வாட்ஸப்பில் வந்தது. அதில் இருந்ததும் பி0303 மட்டும்தான். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் வரவேண்டியது பி0420, அது இல்லை. ஈசிஎம் பழுது என்று காட்டும் கோடும் இல்லை. ஆக, காயில் பக்கம்தான் முதலில் போக வேண்டும் என்று தெரிந்தும் கன்வெர்ட்டர் விலையைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே வண்டியை விடும்போதே, "கோடைப் படம் எடுத்து அனுப்புங்க, அதுக்கு முன்னாடி எதையும் அழிக்காதீங்க, நான் சரின்னு சொல்லாம எந்த வேலையும் தொடாதீங்க" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காகவே அதற்குப் பழைய சாமான் சந்தையில் நல்ல விலை உண்டு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்து, பில், ஸ்கேன் ரிப்போர்ட், தூசி படிந்த போல்ட்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு மேனேஜரே கூப்பிட்டு, "அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோங்க சார்" என்றார். உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் என் வண்டி இனி வராது, பணமாகவே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.