சோலார் பனல் மட்டும் போதுமா, பற்றரியும் வேண்டுமா: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு கணக்கு

மாதம் 240 யூனிற் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உப்புவெளியோ பாலையூற்றோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒரு பிறிட்ஜ், நாலு ஃபேன், கிணற்று மோட்டர், இரவில் நாலைந்து மணித்தியாலம் ஒரு ஏசி. நாளுக்கு 8 யூனிற்; பகலில் 3, இரவில் 5. மின்சார சபையின் படிமுறையில் 180 யூனிற்றைத் தாண்டியதும் ஒவ்வொரு யூனிற்றும் ஆகக் கூடிய விலைக்குப் போகிறது. இந்த வீட்டில் பில்லைக் கனக்கவைப்பது அந்தக் கடைசி 60 யூனிற்தான்.

இந்த வீட்டுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பனலை நேரே வீதி மின் லைனோடு இணைப்பது ஒன்று. பனலோடு ஹைபிரிட் இன்வேட்டரும் (பனல், லைன், பற்றரி மூன்றையும் சேர்த்து நடத்தும் பெட்டி) லிதியம் பற்றரியும் போடுவது இன்னொன்று. லைனே வேண்டாம் என்று பற்றரியில் முழுவதும் நிற்பது மூன்றாவது.

முதலாவதற்கு 550 வாற் பனல் நாலு போதும். மொத்தம் 2.2 கிலோவாற், கூரையில் ஏறக்குறைய 110 சதுர அடி. எங்கள் பக்கத்தில் ஒரு கிலோவாற் வருடச் சராசரியாக நாளுக்கு மூன்றரை முதல் நாலு யூனிற் தரும். ஆகவே 8 யூனிற் சரிக்குச் சரி. ஆனால் சராசரிக்குள் இரண்டு திருகோணமலைகள் இருக்கின்றன. மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் வீசும் காலத்தில் அதே கிலோவாற் நாலுக்கு மேல் தரும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மூடினால் இரண்டுக்கு இறங்கும். அடைமழை நாளில் ஒன்றும் தேறாது.

இங்கேதான் நெற் மீற்றரிங்கின் பெறுமதி. பகலில் லைனுக்குப் போன யூனிற்றை இரவில் யூனிற்றுக்கு யூனிற் எடுக்கலாம். மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகும், காசாகக் கிடைக்காது. கச்சானில் சேர்த்ததை மாரியில் செலவழிக்கலாம். வீட்டுப் பற்றரி ஒரு இரவைத் தாண்டும். ஆறு மாதத்தைத் தாண்டுவது இந்தக் கணக்கு மட்டுமே.

இப்போது பற்றரிக்கு வருவோம். 51.2 வோல்ற், 100 ஆம்பியர்-மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி ஒன்றின் கொள்ளளவு 5.12 யூனிற். தொண்ணூறு சதவீதம் வரை எடுத்து, இன்வேட்டர் இழப்பையும் கழித்தால் கையில் வருவது 4.2 யூனிற் அளவில். பத்து வருடம் தினமும் ஓடினால் 15,000 யூனிற். பற்றரியின் விலையை அந்த 15,000 ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு யூனிற்றைச் சேமித்துவைக்க என்ன செலவு என்று தெரியும். நாலரை லட்சம் என்று விலை சொன்னால், யூனிற்றுக்கு 30 ரூபா. நெற் மீற்றரிங்கில் அதே வேலையை லைன் சும்மா செய்கிறது. மிஞ்சியதற்குக் காசு தரும் நெற் அக்கவுன்டிங் திட்டத்திலும், போனதையும் வந்ததையும் கழித்த பிறகே மிச்சத்துக்குக் காசு என்பதால், பற்றரியால் பில்லில் ஒரு சதமும் மிஞ்சாது. “பற்றரி போட்டால் பில் குறையும்” என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஏன் பற்றரி? கரண்ட் கட்டுக்காக. லைனில் கரண்ட் நின்றால் சாதாரண இன்வேட்டரும் நின்றுவிடும், உச்சி வெயில் எறித்தாலும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியபோது கூரையில் பனல் இருந்தும் இருட்டில் இருந்த வீடுகளுக்கு இதுதான் காரணம். நோயாளி, இன்சுலின், பாலுக்கு அழும் குழந்தை இருக்கும் வீட்டில் யூனிற்றுக்கு 30 ரூபா பெரிய விலை அல்ல. பிறிட்ஜ், மூன்று ஃபேன், பல்புகளை மட்டும் தனி லைனில் பிரித்து அந்த ஒரு பற்றரியில் விட்டால் விடியும்வரை தாங்கும். மோட்டரை அந்த லைனில் கொடுக்கவேண்டாம். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது லைனில் இருந்து ஏறக்குறைய 1,000 வாற் எடுக்கும். தொடங்கும் கணத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு இழுத்து இன்வேட்டரையே விழுத்திவிடும்.

பற்றரி உண்மையாகவே பில்லைக் குறைக்கும் இடமும் உண்டு. உங்கள் வீதியின் ட்ரான்ஸ்போமரில் ஏற்கெனவே பனல்கள் நிறைந்து, புதிய இணைப்புக்கு அனுமதி கிடைக்காவிட்டால், லைனுக்கு ஒன்றும் அனுப்பாதபடி ஹைபிரிட்டை அமைத்து இரவுக்குப் பற்றரியை வைக்கலாம். 180 க்கு மேலான யூனிற் அங்கே நேராக வெட்டுப்படும்.

ஈய-அமிலப் பற்றரி மலிவு என்று போகவேண்டாம். 12 வோல்ற், 150 ஆம்பியர்-மணி நாலு வைத்தால் தாளில் 7.2 யூனிற், பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால் கையில் 3.6. அதன் ஆயுளை 25 பாகை வெப்பத்தில் கணக்கிட்டிருப்பார்கள். ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுள் பாதியாகும். அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழே, சித்திரை வெயிலில், 35 பாகை இங்கே சாதாரணம்.

லைனே இல்லாமல் நிற்பது தம்பலகாமத்து வயல்கரையில் கம்பம் எட்டாத ஒரு குடிலுக்குப் பொருந்தும். நம் 240 யூனிற் வீட்டுக்கு மூன்று மழைநாளைத் தாண்ட 24 யூனிற் சேமிப்பு வேண்டும், ஆறு பற்றரி. பேச்சை அத்தோடு விடலாம்.

காசுக்கு விற்கும் திட்டங்கள் பற்றி ஒரு சொல். 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சோலார் திட்டத்தோடு வந்தபோது முதல் 7 வருடத்துக்கு யூனிற்றுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15.50. அதன்பின் புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், பகலில் கூரைப் பனல்களை நிறுத்தச் சொல்லியும் கேட்டார்கள். கடன் எடுத்துக் கூரை நிறையப் பனல் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால், இதையும் கணக்கில் வையுங்கள். வீட்டுத் தேவை அளவுக்கு மட்டும் போடுவதே எங்கள் தெரிவு. இன்வேட்டரை மட்டும், சபை ஏற்ற பட்டியலில் உள்ள ஹைபிரிட்டாக வாங்கிவிட்டால் பற்றரியைப் பிறகும் சேர்க்கலாம்.

பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். பனல் பக்கத்துக்கு, வீட்டு ஆடலோட்டத்துக்கான (AC) பிறேக்கரைப் போட்டுவிட்டுப் போவார்கள். பனலில் இருந்து வரும் நேர்மின்னோட்டத்தின் (DC) தீப்பொறி அதில் அணையாது, பெட்டி உருகும். பனலுக்கு 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றர் சோலார் கேபிள்; 5 கிலோவாற் இன்வேட்டரின் பற்றரி வயரில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும், 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயர் சூடாகும். இரண்டு கம்பனியின் கொனெக்ரர்களை ஒன்றோடொன்று செருக விடாதீர்கள். கிளிக் என்று பூட்டும், உள்ளே தொடுகை தளர்ந்து கருகும். நடுப்பகலில் இன்வேட்டர் அடிக்கடி நின்றால் பனலைக் குறைசொல்லமுன் லைன் வோல்ற்றேஜைப் பாருங்கள். வீதிக் கடைசி வீடுகளில் அது 250 ஐத் தாண்டும்போது இன்வேட்டர் தானாக விலகும்.

நிலாவெளி, சாம்பல்தீவு, குச்சவெளிப் பக்கம் என்றால் உப்புக்காற்று. நாகம் பூசிய ஆணி இங்கே நிலைக்காது. சிவப்புக் கண்ணீர் மாதிரித் துரு சீற்றில் வடியத் தொடங்கும். 316 தர துருப்பிடிக்காத உருக்கு போல்ற்றும் அனோடைஸ் பண்ணிய அலுமினியத் தண்டவாளமும் கேளுங்கள், விலைப்பட்டியலில் எழுதுவியுங்கள். தெற்குப் பார்த்து 10 பாகை சரிவு இருந்தால் மழையே பாதியைக் கழுவும். மீதியை விடியற்காலையில், கண்ணாடி சூடேறமுன், சேர்த்துவைத்த மழைத்தண்ணியால் கழுவுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணி காய்ந்தால் வெள்ளைப் படலம் விட்டுவிடும். அதைச் சுரண்டப்போனால் கண்ணாடியில் கீறல் விழும்.