ஒரு பாடசாலையின் பியூப்பில் பிரீமியம்: நான்காவது ஆண்டாகப் பார்த்துவரும் ஒரு தாயின் மதிப்பீடு

இங்கிலாந்தின் அரச பாடசாலைகளுக்கு, வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளை முன்னிட்டு வழங்கப்படும் மேலதிக நிதியே பியூப்பில் பிரீமியம். 2011 ஏப்ரலில் பிள்ளை ஒருவருக்கு 488 பவுண்ட் என்று தொடங்கிய இந்த நிதி, 2025-26 நிதியாண்டில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு 1,515 பவுண்டாக உயர்ந்தது. பணம் பெற்றோரின் கைக்கு வருவதில்லை, பாடசாலைக்குச் செல்கிறது. அதை எப்படிச் செலவிடுவது என்பதைத் தலைமை ஆசிரியர் முடிவு செய்கிறார். ஆகவே ஒரு குடும்பத்தைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் தரம் முழுவதும் தன் பிள்ளையின் பாடசாலையைப் பொறுத்ததே. இலண்டனில் என் மகன் 2022 செப்டெம்பர் முதல் படிக்கும் ஆரம்பப் பாடசாலையில் நான் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது. முதலாம் வகுப்புக்கு முந்தைய ரிசெப்ஷன் வகுப்பில் அவனை ஒரு சிறு மொழிக் குழுவில் சேர்க்கப்போவதாகக் கடிதம் வந்தபோது, வீட்டில் தமிழ் பேசுவதைக் குறையாகக் கண்டுவிட்டார்களோ என்று கலங்கினேன். வகுப்பாசிரியை என்னை அழைத்து விளக்கினார். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பேச்சுத்திறனையும் சோதித்துப் பார்த்தே குழுவைத் தெரிவுசெய்திருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாங்கள் தமிழையே தொடர்ந்து பேச வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். நெலி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நஃபீல்ட் ஆரம்ப மொழித் திட்டம் அது. இருபது வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் குழுவாகவும், இரண்டு முறை கால் மணி நேரம் தனியாகவும், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரிய உதவியாளர் பிள்ளைகளோடு பேசுவார்.

ஒருநாள் பெற்றோரையும் உள்ளே இருந்து பார்க்க அனுமதித்தார்கள். மேசையில் ஒரு படம்: சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும் ஒரு சிறுவன், பின்னால் திறந்த கதவு, கதவோரம் சாய்த்துவைத்த குடை. “ஏன் நனைந்தான்?” என்று உதவியாளர் கேட்க, என் மகன் “ரெயின்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். அவர் திருத்தவுமில்லை, அடுத்த பிள்ளைக்குத் தாவவுமில்லை. படத்தை அவன் பக்கமாக மெல்ல நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். நானாக இருந்தால் அந்த இடைவெளியில் மூன்று முறை விடையை எடுத்துக் கொடுத்திருப்பேன். அவன் படத்தைப் பார்த்தான், குடையில் விரலை வைத்தான், பிறகு “பிகாஸ்” என்று தொடங்கி, குடையை வீட்டிலேயே மறந்துவிட்டதால் நனைந்தான் என்று முழு வாக்கியமாகச் சொன்னான். காரணத்தைச் சொல்லும் அந்தச் சொல்லை அவன் தானாக எடுத்துக் கோர்த்ததை நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. பாடசாலைகளில் எந்த முறை பயன் தருகிறது என்பதை ஆராய 2011இல் அமைக்கப்பட்ட எஜுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷன், பேச்சுமொழியை வளர்க்கும் பயிற்சிகள் ஓராண்டில் சராசரியாக ஆறு மாத மேலதிக முன்னேற்றத்தைத் தருவதாகக் கணித்துள்ளது. அந்த மேசையருகே இருந்த எவருக்கும் அது வியப்பாக இருக்காது.

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவில் அவன் அமர்ந்திருந்தபோது அவன் பெயரில் பாடசாலைக்கு ஒரு பவுண்ட்கூட வந்திருக்கவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில், வருமான அடிப்படையில் இலவச உணவுக்குத் தகுதி உள்ளவராகப் பதிவான பிள்ளைகளுக்கே இந்த நிதி கிடைக்கும். ஒருமுறை பதிவானால் ஆறு ஆண்டுகள் வரை அது கணக்கில் எடுக்கப்படும். நாங்கள் யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரச உதவித்தொகை பெறுபவர்கள். வரி போக எங்கள் உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்ட் என்ற வரம்புக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் 2014 செப்டெம்பர் முதல் ரிசெப்ஷனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்பதால், பிறகு எதற்கு ஒரு படிவம் என்று விட்டுவிட்டோம். அதாவது என் மகனின் இருக்கைக்கு, வேறு பிள்ளைகளின் பெயரில் வந்த பணம் உதவியிருக்கிறது. தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் விதிகளில் இல்லை. தேவை உள்ள பிள்ளைக்குப் பாடசாலை அதைப் பயன்படுத்தலாம். இந்த நெகிழ்வைக் குறைகூறுவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை.

2023 செப்டெம்பரில் இலண்டன் மாநகர முதல்வரின் திட்டத்தால் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் உணவு இலவசமானது. எங்கள் தமிழ்ப் பெற்றோரில் பலர் அதன்பின் படிவத்தை முற்றாக மறந்துவிட்டார்கள். அந்த மாதம் பாடசாலை அலுவலகத்தில் இருந்தவர் என்னிடம் நேரடியாகச் சொன்னார்: “உணவுக்காக அல்ல, பாடசாலைக்காக நிரப்பித் தாருங்கள்.” தேசியக் காப்புறுதி இலக்கம், பிறந்த திகதி, பிள்ளையின் விபரம் ஆகியவற்றைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை, ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. ஒக்டோபர் மாதக் கணக்கெடுப்புக்கு முன் பதிவானதால் அடுத்த ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு அவன் பெயரில் 1,480 பவுண்ட் வந்தது. இவ்வளவு எளிய வேலையை ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் மொழியில் சேர்ப்பிக்கப் பாடசாலை இன்றுவரை ஏற்பாடு செய்யவில்லை என்பது என் முதல் குறை.

இரண்டாவது குறை கணிதம். இரண்டாம் வகுப்பில் அவன் பின்தங்கியபோது அருகில் ஓர் உதவியாளரை அமர்த்தினார்கள். அவர் அன்பானவர், ஆனால் இந்த வேலைக்கென எந்தப் பயிற்சியும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவன் பென்சிலைக் கீழே வைத்தாலே அடுத்த படியைச் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்த கொப்பியில் விடைகள் எல்லாம் சரி. அதே கணக்கை என் முன்னால் செய்யச் சொன்னால் கை ஓடாது. உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற பிள்ளைகள் குறைவாகவே முன்னேறியதாக 2009இல் வெளியான ஒரு பெரிய பிரித்தானிய ஆய்வு காட்டியது. பயிற்சியும் ஆசிரியரோடு திட்டமிட நேரமும் கொடுக்கப்படாததே முக்கிய காரணமாகச் சுட்டப்பட்டது. மொழிக் குழுவில் அருமையாகப் பயன்பட்ட அதே வகைப் பதவி, கணித மேசையில் வீணாவதை ஒரே பாடசாலைக்குள் பார்த்தேன். மடிக்கணினியில் தனியே செய்யக் கொடுத்த பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; அவன் விடைகளை ஊகித்து அழுத்தப் பழகிக்கொண்டான்.

காலையுணவுக் கழகம் நன்றாக நடக்கிறது. சுற்றுலாக் கட்டணத்தில் கிடைத்த சலுகையைப் பிற பெற்றோர் அறியாதவாறு கௌரவமாகக் கையாண்டார்கள். ஆனால் ஒரு மாலை, அலுவலக யன்னலுக்கு உட்புறத்தில் ‘பிபி பிள்ளைகள்’ (பிபி என்பது பியூப்பில் பிரீமியத்தின் சுருக்கம்) என்று தலைப்பிட்ட பெயர்ப்பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருந்தது. நான் சொன்னவுடன் அகற்றி மன்னிப்புக் கேட்டார்கள். என் மகன் அப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவன், அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஒவ்வொரு பாடசாலையும் இந்த நிதியை எப்படிச் செலவிடுகிறது என்ற அறிக்கையை டிசெம்பர் 31க்குள் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கற்பித்தல், குறிப்பிட்ட பிள்ளைகளுக்கான கல்வி உதவி, வருகை, நலன் போன்ற பிற தேவைகள் என்று மூன்று பிரிவுகளாக அது இருக்கும். எங்கள் பாடசாலையின் அறிக்கை நேரத்துக்கு வந்தது, தொகைகளும் தெளிவாக இருந்தன. எது பலிக்கவில்லை என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கணித உதவி ‘தொடரும்’ என்றே இருந்தது. பெற்றோர் சந்திப்பில் அதைச் சுட்டிக்காட்டியபின், மூன்றாம் வகுப்பில் உதவியாளருக்குப் பயிற்சி கொடுத்து, நான்கு பிள்ளைகள் கொண்ட குழுவாக மாற்றியிருக்கிறார்கள். இரண்டு தவணைகளாகக் கொப்பியில் பிழைகள் தெரிகின்றன, அவற்றை அவனே அழித்துத் திருத்திய அடையாளமும் தெரிகிறது. எனக்கு அது போதும்.

ஐந்துக்கு மதிப்பெண் இடுவதானால் மொழிக் குழுவுக்கு ஐந்து, கணிதத்துக்கு இப்போது மூன்று, பெற்றோருக்குத் தகவல் சொல்வதற்கு இரண்டு கொடுப்பேன். 2015 முதல் ஐந்து நிதியாண்டுகள் இந்தத் தொகை 1,320 பவுண்டிலேயே உறைந்திருந்ததையும், அதே காலத்தில் சம்பளங்கள் ஏறியதையும் அறிந்தே கொடுக்கிறேன். வரும் செப்டெம்பரில் மகள் ரிசெப்ஷனுக்குப் போகிறாள். அவளுக்கான படிவத்தை இப்போதே கேட்டு வாங்கிவிட்டேன். மொழிக் குழு தொடருமா என்று கேட்டதற்கு, உதவியாளரின் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டிவரலாம், ஆனால் அந்த அரை மணி நேரங்களில் கைவைக்க மாட்டேன் என்றார் தலைமை ஆசிரியை.